வக்கீலம்மா மெதுவாகத்தான் பேசினார்

அவரைப் பார்ப்பதற்கு முன்பே நான் அவர் குரலைக் கேட்டுவிட்டேன்.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டாவது சம்சாரத்துக்குச் சட்டப்படி பங்கு கெடையாதுங்க. ஆனா அவங்க வயித்துல பொறந்த புள்ளைங்களுக்கு உங்க சொத்துல உண்டு" என்று ஒரு பெண் குரல் எங்கிருந்தோ வந்தது. முதலில் ஒலிபெருக்கி என்றுதான் நினைத்தேன். நிறுத்தத்தில் நின்றிருந்த இருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தின் வாசலையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் துண்டை முக்காடாகப் போட்ட ஒருவர் அங்கிருந்து வெளியே வந்து, எதிரில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினார். அது அவர் ஊருக்குப் போகிற பஸ் இல்லை. அவர் ஊருக்கு வருஷக்கணக்காகத் தபால் கொண்டுபோனவன் நான். முக்காட்டுக்கு வெளியே நீண்டிருந்த மூக்கு எனக்குத் தெரிந்த மூக்கு.

அந்தக் கட்டடத்தின் பின் அறையில்தான் இலவச சட்ட உதவி மையம் வாரம் ஒரு நாள் நடந்தது. சில வக்கீல்கள் சேர்ந்து நடத்தினார்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். யோசனை கேட்கலாம், மனு எழுதிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் அவர்களே கோர்ட்டிலும் நிற்பார்கள். சந்தை நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். தக்காளி விற்க வருகிறவர்கள் அப்படியே வழக்கையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்பது எண்ணம். நானும் அப்படித்தான் போனேன். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. என் நிலத்துக்குப் போகும் பாதையில் என் பங்காளி முள்வேலி போட்டிருந்தான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. அந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று நான் தயங்கி நிற்கும்போதே, "உக்காருங்கண்ணா" என்றார். சந்தைக்குள் இருக்கும் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

பத்திரத்தை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு சொன்னார்: "பத்திரத்துலயே பாதை எழுதியிருக்குதுங்க. அவரு வேலி போட்டது தப்பு. கோர்ட்டுக்குப் போனா உங்க பங்காளி தோத்துருவாரு."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலை ஒட்டினாற்போல் டீக்கடை. கடைக்காரர் நான் கேட்காமலே ஒரு டீயை நீட்டி, "பாதை நம்முதுதானாம்ல?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பெஞ்சின் கடைசியில், கையில் கிளாஸோடு, என் பங்காளியும் உட்கார்ந்திருந்தான். அவனும் சந்தைக்கு வந்திருக்கிறான்.

"ஏண்டா, கோர்ட்டு வரைக்கும் போவியா நீ?" என்றான்.

"போலாம்னுதான் இருக்கேன்."

"தோத்துருவேன்னு அந்தம்மா சொல்லுதே."

"சொல்லுது."

மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான். மூன்றாம் நாள் வேலி இல்லை. அடுத்த வாரம் இதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அங்கே பதிவேடு எழுத ஆள் இல்லை என்றார் வக்கீலம்மா. நான்கு வருடம் எழுதினேன். பிறகு அவர் கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். இப்போது வருகிற வக்கீல் நல்லவர்தான், ஆனால் அவர் பேசுவது மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்வதில்லை.

வக்கீலம்மா பிறந்தது பொம்மிடியில். ரயில் கேட்டுக்குப் பத்தடியில் வீடு. "வண்டி போறப்ப பேச்சை நிறுத்துனா எங்க வூட்டுல அன்னிக்கு ஒண்ணுமே பேச முடியாதுண்ணா. ஒண்ணு போனா ஒண்ணு வரும். அதனால நிறுத்தாமப் பேசிப் பழகிட்டோம்" என்பார். கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. வண்டி மட்டும் அவர் காதுக்குள் இன்னும் போய்க்கொண்டேயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தான் சத்தமாகப் பேசுவது அவருக்குத் தெரியாது. யாராவது சொன்னால் உண்மையாகவே ஆச்சரியப்படுவார். "மெதுவாத்தானே பேசுறேன்?" என்று கேட்பார். அதைக் கேட்டுத் தெருவில் போகிற சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றுவார்.

நான் சில ஏற்பாடுகள் செய்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மேலே தகரக் கூரை, உள்ளே மின்விசிறி ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு பாட்டி மயங்கிச் சரிந்தார், திறந்துவிட்டேன். முக்கியமான விஷயத்தை எழுதிக் காட்டச் சொன்னேன். அவர் கைப்பையில் மூடி இல்லாத மூன்று பேனாக்கள் இருக்கும். அவற்றால் அவர் எழுதுவதை அவராலேயே படிக்க முடியாது. நெற்றியில் பேனாவைத் தேய்த்துக்கொண்டு, "இது என்ன எழுத்து?" என்று வாய்விட்டுக் கேட்டு, கடைசியில் முழுதையும் உரக்கப் படித்துவிடுவார். அப்புறம் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். குரல் எழும்பினால் நான் வாசலிலிருந்து ஒரு விரலைத் தூக்குவேன். அவர் உடனே குனிந்து, உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியக் குரலுக்கு மாறுவார். அது இன்னும் மோசம். அவருடைய சாதாரணக் குரல் பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடும். ரகசியக் குரல் சந்தைக்குள் புகுந்து கருவாட்டுக் கடை வரைக்கும் போகும்.

கோர்ட்டிலும் இப்படித்தானாம். இதை நான் பார்க்கவில்லை, ஒரு குமாஸ்தா சொன்னது. இவர் ஒரு கோர்ட்டில் சாட்சியைப் பார்த்து, "அன்னிக்கு நீங்க சம்பவ எடத்துல இருந்தீங்களா, இல்லையா?" என்று கேட்டாராம். அடுத்த கோர்ட்டில் கூண்டில் நின்ற வேறொரு வழக்கின் சாட்சி, "இருந்தனுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

ஏரியூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். தன் பங்கு நிலத்தை மகள் பேருக்கு உயில் எழுத வேண்டும், இரண்டு மகன்களுக்கும் மூச்சுவிடக் கூடாது என்றார். வக்கீலம்மா உதட்டை மறைத்துக்கொண்டு எல்லாம் விளக்கினார். பெரியவர் திருப்தியாகக் கிளம்பினார். அடுத்த வாரம் திரும்பி வந்தபோது நான் பயந்துபோய் எழுந்து நின்றேன்.

"வக்கீலம்மா, போன வாரம் இங்க பேசுனது நான் வூடு போறதுக்குள்ள வூட்டுக்குப் போயிருச்சுங்க" என்றார்.

வக்கீலம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "ஐயோ, யாருங்க சொன்னது?"

"அது கெடக்குதுங்க. ஆறு வருசமா சாப்டியான்னு ஒரு வார்த்தை கேக்காத பசங்க. நான் போறேன், ரெண்டு வூட்டுலயும் கோழி அடிச்சு வெச்சிருக்கானுங்க. எந்த வூட்டுல மொதல்ல சாப்புடறதுன்னு சண்டை."

"அப்ப உயிலை மாத்தப் போறீங்களா?"

"எதுக்குங்க? மவ பேருக்குத்தான் எழுதணும். கொஞ்ச நாள் தள்ளி எழுதலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வழக்குகளில் பாதி டீக்கடை பெஞ்சிலேயே முடிந்தன. எதிராளி ஒரு டீ குடிப்பதற்குள் தன் பக்கம் எவ்வளவு பலவீனம் என்று தெரிந்துகொண்டு எழுந்து போவான். கடைக்காரர் சந்தை நாளில் மட்டும் அந்தப் பக்கம் கூடுதலாக ஒரு பெஞ்சு போட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். என் பாதையும் அப்படித்தானே திறந்தது. அந்தச் சத்தத்தால் யாருக்கும் கெடுதல் வரலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, வக்கீலம்மாவுக்கும் தோன்றவில்லை.

மாதேஸ்வரி என்ற பெண் வந்தது மூன்றாவது வருடம். முப்பது வயதுக்குள்தான். வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். காய்கறி வாங்க வந்ததுபோல் கையில் பையும், பைக்கு மேலே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு முருங்கைக்காய்க் கட்டும். அவள் புருஷன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தான். மூன்று மாதம் ஆந்திரா, ஒரிசா என்று போவான், ஒரு மாதம் வீட்டில் இருப்பான். அந்த ஒரு மாதம்தான் அவளுக்குப் பிரச்சினை. முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள், அந்த வெயிலில்.

புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா, கிளம்பினால் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. வக்கீலம்மா சொன்ன பதில்தான் கேட்டது, அதிலிருந்துதான் கேள்வி புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே அன்பாக, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

நான் வாசலில்தான் இருந்தேன். பெஞ்சு நிறைய ஆள் இருந்ததைப் பார்த்தேன். விரலைத் தூக்கவில்லை. கூட்டம் அதிகம், பதிவேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை யோசித்தாலும் அந்தக் காரணம் சின்னதாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெஞ்சில் அவள் புருஷனோடு அதே வண்டியில் வேலை செய்கிறவன் ஒருவன் இருந்திருக்கிறான்.

அடுத்த சந்தை நாளில் அவள் வரவில்லை. அவள் ஊரிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவருகிற அம்மாள்தான் எனக்குச் சொன்னாள். அவள் இங்கே வந்த அன்று சாயந்திரமே புருஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளை அடித்தான். அதோடு விடாமல் தையல் மெஷினின் தலையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டான்.

உள்ளே போய் வக்கீலம்மாவிடம் சொன்னேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு அந்த அறை அமைதியாக இருந்தது.

"அந்த மெஷினை நான்தாண்ணா கெணத்துல போட்டேன்" என்றார் கடைசியில்.

"நானுந்தாங்க" என்றேன்.

அன்று வந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு இருவரும் மாதேஸ்வரியின் ஊருக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் நடத்துனர் வந்தபோது வக்கீலம்மா வாயைத் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டி டிக்கெட் வாங்கினார். "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார் அவர், அக்கறையாக. வக்கீலம்மா தலையை மட்டும் ஆட்டினார். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியெல்லாம் உதடு மட்டும் அசைந்தது. மெதுவாகப் பேசிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

அந்த ஊரில் எனக்கு எல்லா வீடும் தெரியும். மாதேஸ்வரி வாசலில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வீக்கம் முழுசாக வற்றவில்லை. பின்னால் தலையில்லாத மெஷின் ஸ்டாண்டு நின்றது. மாமியார் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். புருஷன் வேப்பமரத்தடியில் தன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்தான்.

வக்கீலம்மா அவள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டுமில்லை.

"என்னங்க சொல்றீங்க? ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள் மாதேஸ்வரி.

மறுபடியும் சொன்னார். உதடு அசைந்தது, காற்று வந்தது.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கறாங்க" என்றேன் நான்.

மாதேஸ்வரி ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்தாள். "எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சுங்க. இனிமே மெதுவாப் பேசி என்னாவப் போவுது? அன்னிக்கு நீங்க பேசுனதுல பாதியைத்தான் அந்தாளு இவுருகிட்ட சொல்லியிருக்கான். நான் வூட்டை விட்டுப் போறதுக்கு வழி கேட்டேன்னு சொல்லியிருக்கான். போவ வேண்டியதில்லைன்னு நீங்க சொன்னதை அவன் சொல்லவேயில்லை. அந்த மீதியை இங்க நின்னு சொல்லுங்க. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

வக்கீலம்மா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. நான்கு வருடத்தில் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதியைக் குடித்தார். பிறகு ஆரம்பித்தார்.

"வூடு யார் பேர்ல இருந்தாலும் சரிம்மா, நீ குடித்தனம் பண்ற வூட்டுல இருந்து உன்னை ஒருத்தரும் வெளிய தள்ள முடியாது."

தெருக்கோடியில் கட்டியிருந்த எருமை எழுந்து நின்றது. எதிர்வீட்டில் டி.வி. அணைந்தது. ஒவ்வொரு வாசலாக ஆள் வந்தார்கள். அடிப்பது குற்றம், வாயால் மிரட்டுவதும் குற்றம், அவள் பிழைக்கிற பொருளை உடைப்பதும் குற்றம், கோர்ட்டில் மனு போட்டால் இவன் இந்த வாசற்படி ஏறக் கூடாது என்றுகூட உத்தரவு வாங்கலாம், இதற்கு அவள் வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை, நான் இருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். ரயில் கேட்டில் நின்று பேசுகிற மாதிரி, மூச்சு வாங்காமல்.

புருஷன் ஈரக் கையோடு கிட்டே வந்தான். "மேடம், கொஞ்சம் மெல்லப் பேசுங்க. அக்கம்பக்கமெல்லாம் கேக்குது."

"மெதுவாத்தானே பேசுறேன்?" என்றார் வக்கீலம்மா.

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் தெருவே சிரித்துவிட்டது. மாதேஸ்வரியும் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லார் முன்னாலும் அவள் சிரித்ததை அவன் அதுவரை பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். அவனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் முற்றத்திலிருந்து மாமியார் கேட்டார். "ஏம்மா, அந்தச் சட்டம் மருமவளுக்கு மட்டுந்தானா?"

"இல்லீங்க ஆயா. வூட்டுல இருக்கிற எந்தப் பொம்பளைக்கும் உண்டு."

"பெத்த தாய்க்கு?"

"பெத்த தாய்க்கும் உண்டு."

மாமியார் முறத்தைக் கீழே வைத்து, மடியிலிருந்த அவரைத்தோலை உதறினார். "அப்ப எம்பேரையும் எழுதிக்கிங்க."

"எம்மா!" என்றான் அவன்.

"என்னாடா எம்மா? தீவாளிக்கு மொத நாள் என் கையைப் புடிச்சுத் திருவுனியே, அப்ப நான் உனக்கு எம்மாவாத் தெரியலையா? இன்னும் மேல தூக்க முடியல. இது எம்பேர்ல இருக்கிற வூடு. மருமவ தச்சுப் போட்டுத்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். அந்த மெஷினைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள போடறான்."

தெரு மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. அவன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டியைக் கழுவப் போனான். ஏற்கெனவே கழுவின பக்கத்தையே கழுவினான்.

மனுவை நான் அங்கேயே, வாசற்படியில் வைத்து எழுதினேன். மாதேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். மாமியாரிடம் கைநாட்டுக்கு மையை நீட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கன்னட நாட்டுப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், அஞ்சாவது வரைக்கும் படித்தவர். வட்ட வட்டமாகக் கன்னடத்தில் பெயர் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

வழக்கு ஏழெட்டு மாதம் நடந்தது. சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அடிக்கக் கூடாது, அந்த வீட்டில் தங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவன் தன் அண்ணன் வீட்டுக்குப் போனான், பிறகு போர்வெல் வண்டியோடு வெளிமாநிலம் போனான். அவன் திருந்திவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு வரும்போது தெருமுனையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறான். கை நீட்டுவதில்லை. அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் எதிர்வீட்டு டி.வி. அணைந்துவிடுகிறதாம்.

மெஷினின் தலையைக் கிணற்றிலிருந்து ஊர்க்காரர்களே கயிறும் கொக்கியும் போட்டு எடுத்துக் கொடுத்தார்கள். சக்கரம் சுற்றவில்லை. உத்தரவு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே வக்கீலம்மா பொம்மிடிக்குப் போய் ஒரு மெஷினைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் கூரையிலிருந்து அதை இறக்கும்போது, "எங்கம்மா வூட்டுல சும்மா கெடந்ததுண்ணா" என்றார். அதன் ஊசியில் யாரோ பாதித் தையலில் விட்ட நூல் அப்படியே கோத்திருந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நிலம், பாதை, பட்டா, ரேஷன் கார்டு இதெல்லாம் அறையில். வீட்டு விஷயம் எதையும் இனி அந்தக் கூரைக்குக் கீழே பேச மாட்டேன் என்றார். குரலைக் குறைத்துக்கொள்ள முயன்றுதான் பார்த்தார். ஒரு வாரம் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசினார். சத்தம் அப்படியே இருந்தது, வார்த்தை மட்டும் குழறியது.

"கொரலைக் கொறைக்க முடியலைன்னா தூரத்தைக் கூட்டுவோம்" என்றார்.

ஊருக்கு வெளியே ஏரி. ஏரி என்றால் தண்ணீர் இல்லை, எங்கள் பக்கம் அது நிறைவது அபூர்வம். கட்டாந்தரையும் சீமைக்கருவேலமும்தான். அவர் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சட்டப் புத்தகத்தைப் படிக்க, நான் அவரைப் பார்த்தபடியே கரையை நோக்கிப் பின்பக்கமாக நடந்தேன். வார்த்தை கேட்காத இடம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். நூறு தப்படி வரைக்கும் ஜீவனாம்சம் பற்றி ஒரு எழுத்து விடாமல் கேட்டது. நூற்றைம்பதில் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பது கேட்டது. இருநூற்று நாற்பதில்தான் கையைத் தூக்கினேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் கொஞ்சம் கேக்குதுங்க" என்றார். இன்னொரு இருபது தப்படி சேர்த்தோம்.

அதிலிருந்து ஏரிக்கு நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, மேலே ஒரு பெரிய குடை. கரைமேல் நான், பதிவேடும் கையுமாக. யாராவது அந்தப் பக்கம் திரும்பினால் வேறு வழியாகப் போகச் சொல்வது என் வேலை. வெட்டவெளியில், ஊரே பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பெண்கள் தங்கள் ரகசியத்தைச் சொன்னார்கள். பார்க்கலாம், கேட்க முடியாது. அறைக்கு வர யோசித்தவர்கள்கூட அங்கே வந்தார்கள்.

அவர் திருப்பூர் போவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒருவர் வந்தார். ஆண். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னிடம் பெயர்கூடச் சொல்லவில்லை. நேராக இறங்கி நடந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் அவர்தான் பேசினார். வக்கீலம்மாவின் தலை மட்டும் அசைந்தது. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வக்கீலம்மா குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். வெயில் தன் மேல் விழுவதைக் கவனிக்கவில்லை. பிறகு வக்கீலம்மா ஏதோ சொன்னார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார் போலிருந்தது, இவரும் மறுபடியும் சொன்னார். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, வந்ததைவிட வேகமாக நடந்து கரையேறி, "வரேங்க" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத் தன் மொபெட்டில் போனார்.

பதிவேட்டில் விவரம் என்று ஒரு கட்டம் உண்டு. வக்கீலம்மா நாற்காலிகளை மடக்கிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தார். நான் கையை வாயருகில் குவித்துக்கொண்டு, "என்ன கேஸுங்க, எழுதிக்கணும்" என்று கத்தினேன்.

அங்கிருந்தே பதில் வந்தது. கருவேல மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"அது உங்களுக்கு எதுக்குங்கண்ணா?"

கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அது என்ன வழக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.